பொத்தானுக்கு யார் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அங்கே போனபோது, கல்லாவில் இருந்த அம்மா புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரைத் தேர்ந்தாயிற்று, சரக்கு எல்லாம் ஏற்றியாயிற்று, ஆனால் 'சேமி' பொத்தான் மங்கியே கிடந்தது. "எங்கயாவது காலியா இருக்கிற இடத்துல ஒரு கிளிக் பண்ணும்மா, வந்துடும்" என்றார். அந்தப் பெண் திரையின் ஓரத்தில் சொடுக்கினாள். பொத்தான் தெளிந்தது. நான் செய்த பிழை அந்தக் கடையில் ஒரு வேலைமுறையாகவே ஊன்றிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வியை விடாமல் பின்தொடர்கிறேன். மேசைக்கணினி மென்பொருளில் ஒரு பொத்தானையும் அதன் பின்னால் திரையின் நிலையை வைத்திருக்கும் வியூ மாடலையும் எப்படி இணைப்பது? பயிற்சி நூல்கள் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன: பொத்தானின் கமாண்ட் பண்பை வியூ மாடலில் உள்ள ஒரு பண்போடு பைண்டிங் செய், வேலை முடிந்தது என்று. ஆனால் அங்கே ஓடுவது ஒரு பாதை அல்ல, இரண்டு. பயனர் அமுக்கும்போது செய்தி திரையிலிருந்து உள்ளே போகிறது. 'இப்போது அமுக்கலாமா' என்ற அனுமதி உள்ளேயிருந்து திரைக்கு வருகிறது. முதல் பாதையை எல்லோரும் எளிதாகப் போட்டுவிட்டார்கள். இரண்டாவதில்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடறிக்கொண்டிருக்கிறோம். அனுமதி மாறிவிட்டது என்று பொத்தானுக்கு யார் சொல்வது? பொத்தான் அடிக்கடி வந்து கேட்க வேண்டுமா, வியூ மாடல் போய்ச் சொல்ல வேண்டுமா? இத்துறையில் வந்த ஒவ்வொரு கருவியும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்றே நான் பார்க்கிறேன்.

வேர் ஸ்மால்டாக்கில் இருக்கிறது. நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்காக், 1978-79இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் தங்கியிருந்தபோது மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற பிரிவினையை வகுத்தார். தரவை வைத்திருக்கும் மாடலுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஸ்மால்டாக்கில் இது நடைமுறைக்கு வந்த விதம் அழகானது. மாடல் 'நான் மாறிவிட்டேன்' என்று மட்டும் பொதுவாக அறிவிக்கும். என்ன மாறியது என்பதைக் காட்சிகள் வந்து கேட்டுக்கொள்ளும். சொல்வதும் கேட்பதும் கலந்த இந்த ஏற்பாடு பின்னாளில் மைக்ரோசாஃப்டின் கமாண்ட் வடிவத்தில் அச்சு அசலாகத் திரும்ப வரும்.

ஆனால் மேசைக்கணினி உலகின் பெரும்பகுதி அந்த வழியில் போகவில்லை. 1991இல் வந்த விஷுவல் பேசிக் ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தது: பொத்தானைப் படிவத்தில் இழுத்து வை, இரண்டு முறை சொடுக்கு, திறக்கும் வெற்றுச் செயல்கூறில் நிரலை எழுது. அந்தப் பொத்தானுக்குத் தானாகக் கிடைக்கும் பெயரே 'கமாண்ட்1'. பெயரில் கமாண்ட் இருந்தாலும், கட்டளை என்று தனியாக ஒரு பொருள் அங்கே கிடையாது. சேமிக்கும் வேலை பொத்தானின் கிளிக்குக்குள் வாழ்ந்தது. மெனுவிலும் 'சேமி' வேண்டும் என்றால் அங்கிருந்து பொத்தானின் செயல்கூறை அழைக்க வேண்டும். அனுமதியோ படிவம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பெயர்ப் பெட்டி மாறும்போது ஒரு வரி, பட்டியலில் பொருள் சேரும்போது ஒரு வரி, அழிக்கும்போது ஒரு வரி. எங்காவது ஒன்று விட்டுப்போனால் பொத்தான் பொய் சொல்லும். அந்த முறையை இழிவாகப் பேச நான் தயாரில்லை. ஆயிரக்கணக்கான கடைகளும் அலுவலகங்களும் அதில்தான் ஓடின. ஆனால் திரையில் இருபது கட்டுப்பாடுகளைத் தாண்டியதும் அந்த வரிகளை யாராலும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டளையைத் தனிப்பொருளாகப் பிரித்தெடுக்கும் எண்ணம் அதே காலத்தில் பல இடங்களில் முளைத்தது. 1994இல் வெளிவந்த நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் கமாண்ட் வடிவத்தை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே மெனுவும் பொத்தானும்தான். மைக்ரோசாஃப்டின் எம்.எஃப்.சி. ஒரு கட்டளை எண்ணுக்கு இரண்டு கையாளிகளைக் கொடுத்தது: ஒன்று செய்வதற்கு, மற்றொன்று 'இப்போது செய்யலாமா' என்று கேட்கப்படும்போது பதில் சொல்வதற்கு. கருவிப்பட்டையின் பொத்தான்களுக்காக அது நிரல் சும்மா இருக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். மெனுவுக்கு, அதைத் திறக்கும் தறுவாயில் கேட்கும். 1998இல் டெல்ஃபி 4 கொண்டுவந்த ஆக்ஷன் பட்டியலும் இதே கேட்கும் கட்சி. ஜாவாவின் ஸ்விங்கும் க்யூட்டியும் எதிர்க்கட்சி. அங்கே ஆக்ஷன் என்ற பொருளின் இயலுநிலையை மாற்றினால், அதனுடன் இணைந்த பொத்தான், மெனு வரி எல்லாவற்றுக்கும் அந்த ஆக்ஷனே சேதி அனுப்பும்.

ஆப்பிளின் கதை கொஞ்சம் தனி. நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்திலிருந்து வந்த இலக்கு-செயல் முறையில், பொத்தானிலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பொருளோடு சேர்த்துவிடலாம். அது முதல் பாதைக்கு மட்டும். 2003இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பதிப்பான பேந்தரோடு வந்த கோகோ பைண்டிங்ஸ் இரண்டாவது பாதையையும் போட்டது. பொத்தானின் இயலுநிலையை நேரே ஒரு பண்போடு கட்டலாம். ஒரு நிபந்தனை போதாதென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போகலாம், எல்லாம் சரியென்றால்தான் பொத்தான் விழிக்கும். நிபந்தனையைச் சேர்ப்பதற்கு நிரலே எழுத வேண்டாம் என்ற நிலை. படித்தபோது வியந்தேன். அதே நேரத்தில், அந்த நிபந்தனைகள் திரைக் கோப்புக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன, சோதிக்க வழியில்லை என்பதும் உறுத்தியது.

வியூ மாடல் என்ற சொல்லுக்கு வருவோம். 2004இல் மார்ட்டின் ஃபௌலர் 'ப்ரெசென்டேஷன் மாடல்' என்று ஒன்றை எழுதினார். திரையின் நிலை முழுவதையும், எந்தப் பொத்தான் விழித்திருக்கிறது என்பது உட்பட, திரையைப் பற்றி ஒன்றுமறியாத ஒரு வகுப்பில் வைத்துவிடு. திரை அதைப் பிரதிபலித்தால் போதும். இதில் எரிச்சலான வேலை இரண்டையும் ஒத்திசைய வைக்கும் நிரல்தான் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, 2005 அக்டோபரில், மைக்ரோசாஃப்டில் டபிள்யூ.பி.எஃப். என்ற புதிய திரைச் சட்டகத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜான் காஸ்மன் அந்த எரிச்சலுக்கு மருந்து கையிலிருப்பதாக எழுதினார். பைண்டிங் என்பதை மேடையே செய்து கொடுத்துவிட்டால், ஒத்திசைவை யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. அவர் வைத்த பெயர் மாடல்-வியூ-வியூமாடல், சுருக்கமாக எம்.வி.வி.எம். காட்சியை வடிவமைப்பாளரும் தர்க்கத்தை நிரலரும் தனித்தனியே செய்யலாம் என்பது அவருடைய கனவு. 2006 நவம்பரில் டாட்நெட் 3.0வோடு டபிள்யூ.பி.எஃப். வெளிவந்தது.

எழுத்துப்பெட்டிகளுக்கும் பட்டியல்களுக்கும் அந்த மருந்து வேலை செய்தது. பொத்தானுக்குத்தான் போதவில்லை. டபிள்யூ.பி.எஃப்.போடு வந்த கட்டளை வகை, பொத்தானிலிருந்து கிளம்பித் திரையின் மரத்தில் மேலே மேலே ஏறி, கையாளும் ஒருவரைத் தேடும். நகலெடு, ஒட்டு போன்றவற்றுக்கு அது அருமையானது, எந்தப் பெட்டியில் கர்சர் இருக்கிறதோ அது பதில் சொல்லும். ஆனால் வியூ மாடல் அந்த மரத்தில் இல்லை. அதனால் ஏறிப் போகும் கட்டளை அதைச் சந்திக்கவே சந்திக்காது. நல்லவேளையாக, பொத்தான் கேட்பது அந்த வகையை அல்ல, ஐகமாண்ட் என்ற சிறிய இடைமுகத்தை. அதில் இருப்பவை மூன்று: செய், செய்யலாமா, செய்யலாமா என்பதன் விடை மாறியிருக்கலாம் என்ற அறிவிப்பு. மூன்றாவது உறுப்பு விடையைச் சொல்வதில்லை, 'மறுபடி வந்து கேள்' என்று மட்டும் சொல்கிறது. ஸ்மால்டாக்கின் பழைய ஏற்பாடேதான்.

யார் வேண்டுமானாலும் இந்த மூன்றையும் நிறைவேற்றும் ஒரு வகுப்பை எழுதி, வியூ மாடலின் பண்பாக வெளியே வைக்கலாம். எழுதினார்கள். 2009 பிப்ரவரி எம்.எஸ்.டி.என். இதழில் ஜாஷ் ஸ்மித் எழுதிய கட்டுரையில் இருந்த ரிலேகமாண்ட் வகுப்பு ஏறத்தாழ எல்லா டபிள்யூ.பி.எஃப். திட்டங்களுக்குள்ளும் நகலெடுக்கப்பட்டது. என் பில் மென்பொருளுக்குள்ளும்தான். ப்ரிஸம் தொகுப்பில் டெலிகேட்கமாண்ட் என்று ஒன்று இருந்தது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அந்த மூன்றாவது உறுப்பில் எதிரெதிர் கட்சிகள்.

ஜாஷ் ஸ்மித்தின் ரிலேகமாண்ட் தன் அறிவிப்பை டபிள்யூ.பி.எஃப்.பின் கமாண்ட் மேனேஜரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த மேலாளர் விசை அழுத்தம், சுட்டிச் சொடுக்கு, குவிமையம் இடம் மாறுதல் போன்றவை நடக்கும்போதெல்லாம் 'எல்லோரும் மறுபடி கேளுங்கள்' என்று குரல் கொடுக்கும். நிரலர் ஒன்றும் செய்ய வேண்டாம், பொத்தான்கள் தாமே சரியாக இருப்பதுபோல் தோன்றும். பயனரின் கை படாமல் நிலை மாறும்போதுதான் குட்டு உடையும். என் கடையில் நடந்தது அதுவே. வாடிக்கையாளரின் கடன் வரம்பை வழங்கியிலிருந்து பின்னணியில் எடுத்து வந்தேன். விடை வந்து சேர்ந்த கணத்தில் யாரும் எதையும் தொடவில்லை. மேலாளர் குரல் கொடுக்கவில்லை, பொத்தான் கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு சொடுக்கு விழுந்ததும் எல்லோரும் கேட்டார்கள். நான் சோதித்த மேசையில் வழங்கி அதே கணினியில் இருந்ததால் விடை உடனே வந்தது, அடுத்த விசையிலேயே பிழை மறைந்தது. கடையின் மெதுவான இணைப்பில்தான் அது முகம் காட்டியது.

டெலிகேட்கமாண்ட் இதற்கு நேர்மாறு. 'மாறிவிட்டது' என்று நிரலர் வாய்திறந்து சொன்னால்தான் பொத்தான் அசையும். சொல்ல மறந்தால் எத்தனை சொடுக்கினாலும் மங்கியே கிடக்கும். இதைக் குறையாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு இதுவே மேல். முழுதாக வேலை செய்யாத பிழை முதல் நாளே நிரலரின் மேசையில் தெரிந்துவிடும். பாதி வேலை செய்யும் பிழை கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் போய்ச் சேரும்.

குழப்பம் பெயரிலும் புகுந்தது. எம்.வி.வி.எம். லைட் என்ற பரவலான தொகுப்பில் ஒரே பெயரில் இரண்டு ரிலேகமாண்ட்கள், இரண்டு பெயர்வெளிகளில் இருந்தன. ஒன்று மேலாளரோடு இணைந்தது, மற்றொன்று இல்லை. எடிட்டர் பரிந்துரைத்த முதல் வரியை ஏற்றுக்கொண்டு, நாள் முழுக்கப் பிழை தேடியவர்களை அறிவேன். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் கம்யூனிட்டி டூல்கிட்டின் வகுப்புக்கும் ரிலேகமாண்ட் என்றே பெயர், ஆனால் அது மேலாளரை நம்புவதில்லை. பழைய திட்டத்தை அதற்கு மாற்றுகிறவர் முதலில் காண்பது உறைந்துபோன பொத்தான்களை.

அனுமதியின் பாதையில் இன்னொரு கல்லும் உண்டு, அது எழுத்துப்பெட்டியின் பக்கம் கிடக்கிறது. டபிள்யூ.பி.எஃப்.பில் எழுத்துப்பெட்டியின் உரை, வேறொன்றும் சொல்லாவிட்டால், கர்சர் பெட்டியை விட்டு வெளியேறும்போதுதான் வியூ மாடலுக்குப் போய்ச் சேரும். திரையில் ஒரே ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் இருந்தால், பெயரைத் தட்டி முடித்த பிறகும் பொத்தான் மங்கியே இருக்கும், ஏனென்றால் வியூ மாடலைப் பொறுத்தவரை பெயர் இன்னும் காலி. டேப் விசையை அமுக்கினால் மங்கிய பொத்தானுக்குப் போகவும் முடியாது. இதற்கு மருந்து தெரிந்ததுதான்: ஒவ்வொரு எழுத்துக்கும் அனுப்பு என்று பைண்டிங்கில் சொல்லிவிட வேண்டும். பயங்கரமானது மறுபக்கம். பொத்தான் ஏற்கெனவே விழித்திருக்கிறது, பயனர் விலையை 450இலிருந்து 540 ஆக மாற்றிவிட்டு என்டர் விசையையோ சேமிக்கும் விசைச்சேர்க்கையையோ அமுக்குகிறார். கர்சர் பெட்டியை விட்டு நகரவே இல்லை. கட்டளை ஓடுகிறது, 450 சேமிக்கப்படுகிறது, திரையில் 540 தெரிகிறது. கருவிப்பட்டையில் வைத்த பொத்தானுக்கும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பட்டை தனக்கென்று ஒரு குவிமைய எல்லை வைத்திருப்பதால், அதைச் சொடுக்கினாலும் பெட்டி குவிமையத்தை இழந்ததாகக் கருதாது. பணம் சம்பந்தப்பட்ட திரையில் இதைச் சோதிக்காமல் விடுவதை நான் மன்னிக்க மாட்டேன்.

பைண்டிங்கின் மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டளையின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் நிரல் நின்றுவிடுவதில்லை. பிழைத்திருத்தச் சாளரத்தில் ஒரு வரி ஓடி மறையும், அவ்வளவுதான். கட்டளை கிடைக்காத பொத்தான் மங்குவதும் இல்லை. பளிச்சென்று இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் 'நீக்கு' பொத்தான் வைக்கும்போது இது கட்டாயம் நேரும். வரிக்குள் இருக்கும் பொத்தானுக்குச் சூழல் அந்த ஒரு சரக்கு, பில் முழுவதன் வியூ மாடல் அல்ல. நீக்கும் கட்டளையோ பில்லிடம் இருக்கிறது. மூதாதையைத் தேடிப் போகச் சொல்லும் நீண்ட பைண்டிங் எழுத வேண்டியிருக்கிறது. வலது சொடுக்கு மெனு என்றால் அது மரத்துக்கே வெளியே நிற்பதால் அந்தத் தேடலும் பலிக்காது.

இந்த மௌனத்தை உடைக்க வந்தவையே அடுத்தடுத்த முயற்சிகள் பலவும். ராப் ஐசன்பர்கின் கேலிபர்ன்.மைக்ரோ பைண்டிங் எழுதுவதையே ஒழிக்கப் பார்த்தது: பொத்தானின் பெயர் 'சேவ்' என்றால் வியூ மாடலில் 'சேவ்' என்ற செயல்கூறு, 'கேன்சேவ்' என்ற பண்பு இரண்டும் தாமாக இணையும். அனுமதி சாதாரணப் பண்பாக இறங்கி வந்ததுதான் இதன் அருமை. பெயரை மாற்றினால் இணைப்பு சத்தமின்றி அறுவது இதன் துன்பம். ரியாக்டிவ்யூஐ அனுமதியை நேரம் முழுக்க ஓடும் ஓர் ஓடையாகப் பார்த்தது. பெயரும் தொகையும் மாற மாற, அவற்றிலிருந்து ஆம், இல்லை என்ற விடைகள் வழிந்து வரும், கட்டளை அதைக் குடித்துக்கொள்ளும். யோசனையில் இதைவிடத் தூய்மையானதை நான் பார்த்ததில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் படித்துப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகிறது என்பதும் உண்மை. விண்டோஸ் 10 காலத்தில் மைக்ரோசாஃப்டே எக்ஸ்-பைண்ட் என்று தொகுப்பின்போதே சரிபார்க்கப்படும் பைண்டிங்கைத் தந்தது. பெயர் தப்பினால் நிரல் கட்டப்படவே படாது. கிளிக் நிகழ்வை நேரே வியூ மாடலின் செயல்கூறோடு கட்டவும் அதில் முடியும். அவலோனியா சட்டகத்திலும் கமாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செயல்கூறைக் கொடுக்கலாம்.

2022இல் எட்டாம் பதிப்பு கண்ட கம்யூனிட்டி டூல்கிட் என்னைப் போன்றவர்களின் கைவலியைத் தீர்த்தது. செயல்கூறின் தலையில் ஒரு குறிப்பு வைத்தால் கட்டளைப் பண்பைக் கம்பைலரே எழுதிவிடுகிறது. தரவுப் பண்பின் தலையில் இன்னொரு குறிப்பு வைத்து, 'இது மாறினால் சேமி கட்டளையை மறுபடி கேட்கச் சொல்' என்று அறிவிக்கலாம். சொல்லும் கட்சி, ஆனால் சொல்ல மறக்காத அளவுக்கு வரி குறைந்துவிட்டது. அதன் ஒத்திசையாக் கட்டளை வகை இன்னொரு பழைய புண்ணையும் ஆற்றுகிறது. ஐகமாண்டின் 'செய்' எந்த விடையும் தராமல் உடனே திரும்பிவிடும் வடிவம். வலைவழி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை மறுபடி அமுக்கலாம், ஒரே பில் இரண்டு முறை பதிவாகலாம். புதிய வகை, வேலை முடியும்வரை தன் அனுமதியைத் தானே மூடிக்கொள்கிறது. ஓடுகிறதா என்பதையும் ஒரு பண்பாகக் காட்டுகிறது.

ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ, ஜெட்பிரெயின்ஸின் காம்போஸ் போன்ற அறிவிப்புப் பாணிச் சட்டகங்களில் கமாண்ட் என்ற பொருளே கரைந்துவிட்டது. பொத்தானுக்கு ஒரு செயல்கூறும் ஒரு ஆம்-இல்லை மதிப்பும் கொடுத்தால் போதும், நிலை மாறும்போது அந்தப் பகுதியே மறுபடி வரையப்படும். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதே சமயம் பின்னோக்கியும் ஓர் ஓட்டம்: 2022இல் டாட்நெட் 7, பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸ் பொத்தானுக்கே கமாண்ட் பண்பைச் சேர்த்தது. முதலில் முன்னோட்டமாகத்தான். இருபது ஆண்டுப் பழைய படிவங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பெரிய கொடை. திரையை மாற்றாமல், தர்க்கத்தை மட்டும் வியூ மாடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

இத்தனையையும் பார்த்த பின் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. அனுமதி, வியூ மாடலில் பெயருள்ள சாதாரணப் பண்பாக இருக்க வேண்டும், கட்டளைக்குள் புதைந்த லாம்டாவாக அல்ல. அப்போதுதான் திரை இல்லாமலே சோதனை எழுதலாம்: சரக்கு இல்லாத பில்லில் சேமிக்க முடியாது, ஒன்று சேர்த்ததும் முடியும், அறிவிப்பும் ஒரு முறை வந்தது என்று. மறுகேள்வியை மேலாளர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். டாகிள் பொத்தான், ரேடியோ பொத்தான் இவற்றுக்குக் கட்டளையே தேவையில்லை. அவை நிலையைக் காட்டுபவை, இருவழிப் பைண்டிங் போதும்.

ஆனால் இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மங்கிய பொத்தான் 'முடியாது' என்கிறது, 'ஏன்' என்று சொல்வதில்லை. டேப் விசையில் அது அகப்படாது என்பதால், திரைவாசிப்பான் கொண்டு வேலை செய்யும் பார்வையற்றவருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாமல் போகலாம். டபிள்யூ.பி.எஃப்.பில் மங்கிய பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் குறிப்பும் தோன்றாது, அதற்கென்று தனியாக ஒரு பண்பை இயக்க வேண்டும். ஐகமாண்டில் காரணத்துக்கு இடமே வைக்கவில்லை. ஆம் அல்லது இல்லை மட்டும். ஆகவே காரணத்தை நாமே வியூ மாடலில் ஒரு பண்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அனுமதி என்பது அந்தக் காரணம் காலியாக இருப்பதுதான் என்று எழுதினால், இரண்டும் ஒருபோதும் முரண்படாது.

அந்தக் கடையின் திரையை இப்படித்தான் மாற்றினேன். கடன் வரம்பு வந்து சேர்ந்ததும் வியூ மாடல் தானே அறிவிக்கிறது. பொத்தானுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டேன். ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 எழுத்துகள் வேண்டும், 14 தட்டியிருந்தால் 'ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து குறைகிறது' என்று அங்கே தெரியும். அடுத்த முறை போனபோது கல்லாவில் அந்தப் புதிய பெண் தனியாக இருந்தாள். அந்த வரியை வாசித்தாள், விட்டுப்போன எழுத்தைத் தட்டினாள், சேமித்தாள். பழக்கத்தில், சேமிப்பதற்கு முன் திரையின் ஓரத்தில் இன்னும் ஒரு முறை சொடுக்கிக்கொண்டாள்.